பேச்சு குழறினால் ஓடு என்கிறீர்கள், அதற்கப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள், இதில் ஒன்று இருந்தாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, ஸ்கேன், அப்புறம் பிசியோதெரபி, உப்பைக் குறைப்பது, பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவது எல்லாம் இருந்தது. நல்ல கட்டுரைதான். எங்கள் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் படித்து முடித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேச்சு குழறினால் ஓடு என்கிறீர்கள். ஓடிப் போய் உயிர் பிழைத்து வந்தபிறகு அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்று கட்டுரை முழுக்க ஒரு வரி இல்லை. ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சுப் பயிற்சி என்ற சொல்லே எங்கும் இல்லை.

உங்களை மட்டும் சொல்லவில்லை. என் கணவரை டிஸ்சார்ஜ் செய்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்திலும் அது இல்லை. மாத்திரைகள் வரிசையாக இருந்தன, கை கால் பயிற்சிக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள், சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்று அச்சடித்த தாள்கூட இணைத்திருந்தார்கள். வாயைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை. நான் கேட்டேன். "தானா வரும்மா, ஆறு மாசம் பொறுங்க" என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய்க் கேட்டபோது, "ஆறு மாசம் தாண்டிருச்சேம்மா, இனிமே இவ்வளவுதான்" என்றார்கள். முதலில் பொறு, அப்புறம் விடு. நடுவில் செய்வதற்கு ஏதாவது உண்டு என்று சொல்ல ஆளில்லை.

அந்த நடுவில் இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திண்டுக்கல்லிலிருந்து குமுளி வரைக்கும் ஓடுகிற வண்டியில்தான் அவருடைய சர்வீஸில் பாதி கழிந்தது. பேச்சில் பிழைத்த மனுஷர். "உள்ள போங்க, உள்ள போங்க, அண்ணே படியில நிக்காதீங்க, சில்லறை குடுங்க தாயி" என்று எட்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் திண்ணையில் உட்கார்ந்து இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவார். அவருக்கு மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. கால் பிசியோவில் ஓரளவு திரும்பியது. கை பாதி. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "போலாம்."

சாப்பிட்டீர்களா என்றால் போலாம். எங்கே வலிக்கிறது என்றால் போலாம். கோபம் வந்தாலும் போலாம், அழுகை வந்தாலும் போலாம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சிலர், "கண்டக்டர் புத்தி இன்னும் போகலை பாரு" என்று சிரித்தார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புத்தி தடுமாறிருச்சு போல, பத்திரமா பாத்துக்க" என்றார். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே நாட்களில் பால்காரர் மாதக் கணக்கில் இருபது ரூபாய் கூட்டி எழுதிவிட்டார். என் கண்ணில் படவில்லை. இவர் நோட்டை இடது கையால் இழுத்து, சரியாக அந்த வரியில் விரலை வைத்து, "போலாம்! போலாம்!" என்று ஒரே சத்தம். புத்தி தடுமாறிய ஆளா கணக்குப் பார்ப்பது?

இதற்கு அஃபேசியா என்று பெயர். நாக்கு விழுந்துவிட்டது என்று நம் பக்கம் சொல்கிறோம், ஆனால் கோளாறு நாக்கில் இல்லை. மூளையில் சொல்லைத் தேடி எடுத்துக் கோத்து அனுப்புகிற இடத்தில் அடி. சிலருக்கு மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் குறை வரும், படிப்பதும் எழுதுவதும்கூடப் போகும். நினைப்பு, பாசம், ரோஷம், கணக்கு எல்லாம் உள்ளே இருக்கலாம், வெளியே வர வழிதான் இருக்காது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருவதாகச் சொல்கிறார்கள். ஒரே சொல் மட்டும் மிஞ்சுவதும் புதிதில்லையாம். 1861இல் பாரிஸில் பால் புரோகா என்ற டாக்டரிடம் வந்த நோயாளி ஒருவருக்கு எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒலி மட்டும்தான் வரும். அவர் இறந்தபிறகு மூளையைப் பார்த்துத்தான், இடது முன்பக்கத்தில் அடிபட்டால் பேச்சு போகிறது என்று புரோகா எழுதிவைத்தார். இதை எனக்குச் சொன்னது மதுரையில் எங்களுக்குக் கிடைத்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண். "அவருக்கு டான், உங்க ஐயாவுக்குப் போலாம், அவ்வளவுதாம்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம் எனக்கு அன்றைக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

அவளிடம் போய்ச் சேர்வதற்குள் நாங்கள் செய்யாதது இல்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினோம். பிள்ளைகளுக்குப் பேச்சு வராவிட்டால் தடவுவதுதான், அறுபது வயது ஆளுக்கும் தடவினோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் சொன்ன "போலாம்" இன்னும் காதில் இருக்கிறது. கோயிலுக்கும் வேண்டிக்கொண்டோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேண்டுதலும் இருக்கட்டும். கடைசியில் நர்ஸாக இருக்கிற என் மகள்தான் விசாரித்து, மதுரையில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். அப்போதே அந்த ஆறு மாதக் கெடு தாண்டியிருந்தது.

முதல் நாள் அவள் மருந்து எதுவும் எழுதவில்லை. மேஜையில் ஒரு பூட்டு, ஒரு சீப்பு, ஒரு டம்ளர், ஒரு பேனா வைத்தாள். "சீப்பைத் தொடுங்க ஐயா" என்றாள், தொட்டார். "டம்ளரைத் தொட்டுட்டு அப்புறம் பேனாவை எடுங்க" என்றதும் தடுமாறினார். "உங்க பேரு மாரியப்பனா?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டாள். தலையை ஆட்டி ஆமாம் என்றார், முகத்தில் மட்டும் இல்லை என்று எழுதியிருந்தது. ஆமாம், இல்லை இரண்டும் அவருக்கு இடம் மாறி வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் காபி வேண்டுமா என்றால் ஆமாம் என்று தலையாட்டுவார், கொண்டுபோய்க் கொடுத்தால் தட்டிவிடுவார். பிடிவாதம் என்று நினைத்து எத்தனை சண்டை! அதற்கு அவள் சொன்ன வழி, வாயாலும் தலையாலும் கேட்காதீர்கள், ஒரு அட்டையில் ஒரு பக்கம் டிக், ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டுக் கையில் கொடுங்கள் என்பது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காபி வீணாகவில்லை.

அப்புறம் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். கண்டக்டர் என்றதும் ஒரு தாளை எடுத்து, எந்த ரூட், எந்தெந்த ஊரில் நிற்கும் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். திண்டுக்கல், செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேராக அவர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்டிக்கொண்டே, பஸ்ஸில் கூவுகிற அதே ராகத்தில், "திண்டுக்கல், செம்பட்டி" என்று ஆரம்பித்தாள். இரண்டு மூன்று தடவை அவளே சொன்னாள். பிறகு "திண்டுக்கல், செம்பட்டி, வத்த..." என்று நிறுத்தினாள். இவர் வாய் கோணிக்கொண்டே "...லக்குண்டு" என்றார்.

எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது, அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒன்று இரண்டு மூன்று, திங்கள் செவ்வாய், சாமி பாட்டு, காலம் காலமாகச் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய எதுவும் புதிதாக யோசித்துப் பேசுகிற வழியில் வருவதில்லையாம். அதனால் மற்றது போனாலும் இது தப்பிப் பிழைத்திருக்கும். பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் கைகொடுக்கிறது என்கிறார்கள். ராகம் போட்டு, இடது கையால் தட்டி, சொற்களை வெளியே கொண்டுவருகிற முறையை 1970களில் அமெரிக்காவின் பாஸ்டனில் வகுத்தார்களாம். நம் தெரபிஸ்ட் அதைக் கண்டக்டர் கூவலுக்கு மாற்றிக்கொண்டாள். ஆனால் ஊர்ப்பெயர் ஒப்பித்தால் போதுமா? தண்ணீர் கேட்க உத்தமபாளையம் உதவாதே. அதைத்தான் அவள் அடுத்துச் செய்தாள். வரிசையைக் கலைத்தாள். "கம்பத்துக்கு முந்தின ஊர் என்ன ஐயா?" என்பாள். இவர் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்பாக வந்து, "உத்தமபாளையம்!" என்று இறங்குவார். கொஞ்ச நாளில் செம்பட்டியில் ஏறினாலே போதும் என்று ஆயிற்று. பிறகு நேராகவே சொன்னார். ஒப்பித்த சொல்லைக் கேட்ட கேள்விக்குப் பதிலாக எடுக்கப் பழக்கியது அந்தப் பயிற்சிதான்.

அதே ராகத்தில் "தண்ணி தாங்க", "காபி போதும்", "கால் வலிக்குது" என்று சின்னச் சின்ன வாக்கியங்கள். முதலில் சேர்ந்து பாடுவது, பிறகு பாதியில் அவள் நிறுத்துவது, பிறகு ராகத்தைக் குறைப்பது, கடைசியில் சும்மா பேசுவது. பழமொழியையும் விடவில்லை. "யானை வரும் பின்னே, மணி ஓசை வரும்..." என்று இழுத்தால் "முன்னே" என்று தானாக வந்து விழும். பொருள் பெயர் வராதபோது நேராகச் சொல்லிக் கொடுக்க மாட்டாள். பூட்டைக் காட்டி, இது எங்கே இருக்கும், எதுக்கு, இரும்பா மரமா, கூட என்ன வேணும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பாள். "கதவு... சாவி..." என்று வருவார். அதற்குள் பூட்டு வந்துவிடும். வராவிட்டால் "பூ..." என்று முதல் எழுத்தை மட்டும் கொடுப்பாள். நாம் உடனே சொல்லிவிட்டால் அவர் தேடவே மாட்டார் என்பாள்.

அவராகத் தொடங்கிச் சொன்ன முதல் முழு வாக்கியம் எது தெரியுமா? மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு ஆட்டோ எங்கள் மேல் உரசுகிற மாதிரி வந்தது. இவர் கையை ஓங்கி, உங்கள் நாளிதழில் அச்சிட முடியாத ஒரு வாக்கியத்தை, ஒரு எழுத்துக் குழறாமல் சொன்னார். ஆட்டோக்காரர் முறைத்தார். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். தெரபிஸ்ட்டிடம் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னபோது, வசவும் அப்படித் தானாக வருகிற வகைதான் என்று சொல்லிவிட்டு, "அதுல ஒரு வினைச்சொல் இருக்குல்ல, அதை எடுத்துக்குவோம்" என்று அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கினாள்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் எங்களால் மதுரை போக முடிந்தது. ஒரு தடவைக்கு 500 ரூபாய், பஸ் செலவு தனி. அதனால் நடுவில் போனில் வீடியோவில் பயிற்சி, மீதி நாள் வீட்டில் நான். அவளுடைய வேலையில் பாதி என்னைப் பழக்குவதுதான் என்று போகப் போகப் புரிந்தது. டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், ஆனால் குழந்தையிடம் பேசுகிற குரல் வேண்டாம். காது நன்றாகக் கேட்கிறது, கத்தாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணுங்கள். இந்தக் கடைசி ஒன்று இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை. நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவள் நான், எதையும் சட்டென்று முடித்துப் பழக்கம். அவர் "நே... நேத்து..." என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல் வாயை மூடி உட்கார்ந்திருப்பது லேசில்லை. ஆனால் எண்ணி முடிப்பதற்குள் பாதி நேரம் சொல் வந்துவிடும்.

பேச்சு மட்டும்தான் வழி என்றும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய பழைய விசில் பீரோவில் கிடந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்று பஸ்ஸில் கணக்கு இருக்கிறதல்லவா? எங்கள் வீட்டில் ஒன்று அடித்தால் தண்ணீர், இரண்டு அடித்தால் பாத்ரூம் என்று வைத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் வலது உதடு மூடாமல் காற்று போய்விடும், கன்னத்தை விரலால் அழுத்திக்கொண்டு ஊதுவார். படம் ஒட்டிய நோட்டு ஒன்றும் செய்தோம்: சாமான் படம், பேரப்பிள்ளைகள் போட்டோ, அந்த ரூட்டின் ஊர்கள், ஒரு உடம்பு படம். இதையெல்லாம் கொடுத்தால் சோம்பேறியாகி வாயைத் திறக்க மாட்டார் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். நடந்தது நேர்மாறு. சொல்ல வந்தது போய்ச் சேருகிறது என்று தெரிந்ததும் ஆத்திரம் குறைந்தது, ஆத்திரம் குறைந்ததும் சொல்லும் கொஞ்சம் இலகுவாக வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது உயிர் விஷயம். விழுங்குவதைப் பார்ப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலைதான். எத்தனை பேருக்கு இது தெரியும்? பக்கவாதம் வந்த புதிதில் சாப்பாடு கனமானது, தண்ணீர்தான் லேசு என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுவோம். அது நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், புரையேறும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சில பேருக்கு இருமல்கூட வராமல் சத்தமின்றி இறங்குமாம். யாருக்கு எது பாதுகாப்பாக இறங்கும், தலையை எப்படி வைத்து விழுங்க வேண்டும், எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இவருக்குத் தண்ணீரில் புரையேறியது, கெட்டியான கேப்பைக் கூழ் இறங்கியது. எல்லோருக்கும் இது பொருந்தாது, தயவுசெய்து என் கடிதத்தைப் பார்த்துக் கூழ் ஊற்றிவிடாதீர்கள், ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, எங்கள் வீட்டுக் கதை ஒன்றை வைத்து எல்லோருக்கும் தெரபி என்று கேட்கலாமா? என் மகள் தேடிக் கொடுத்ததையும் சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எடைபோடுகிற காக்ரேன் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பில், 57 ஆய்வுகள், 3,000 பேர் அளவுக்குச் சேர்த்துப் பார்த்து, அன்றாடம் தன் தேவையைச் சொல்வது, படிப்பது, எழுதுவது எல்லாவற்றிலும் பேச்சுப் பயிற்சி உதவுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியம் ஜெர்மனியில் செய்து 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 158 பேர். கவனியுங்கள், நமக்கு "இனிமே இவ்வளவுதான்" என்று கைவிரித்த அதே ஆட்கள். அவர்களுக்கு மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அன்றாட நிலைமைகளில் பேசிப் புரியவைக்கும் திறன் கூடியது. பயிற்சி இல்லாமல் காத்திருந்தவர்களுக்குக் கூடவில்லை. பத்து மணி நேரம் என்பதையும் கவனியுங்கள். எங்களுக்குக் கிடைத்தது வாரத்துக்கு முக்கால் மணி.

எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் பறிக்கிறவர்களும் உண்டு. ஸ்வீடன் கவிஞர் தூமாஸ் திரான்ஸ்திரமருக்கு 1990இல் பக்கவாதம் வந்து பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. வலது கையும் போயிற்று. அவர் இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார், கவிதையும் தொடர்ந்து வெளியிட்டார், 2011இல் நோபல் பரிசும் வாங்கினார். பேச்சு பழையபடி வரவில்லை. என் கணவருக்கும் பழையபடி வரவில்லை. இன்றைக்கும் என்னைச் சில நேரம் "அவன்" என்பார். "மவ... மதுரை... நாளைக்கு... பஸ்" என்றால், மகள் மதுரையிலிருந்து நாளைக்கு பஸ்ஸில் வருகிறாள் என்று நாம்தான் வேற்றுமை உருபெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் டீக்கடைக்குத் தனியாகப் போய், சர்க்கரை இல்லாத டீ கேட்டு வாங்கிக் குடித்து, மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறார். ஒரே சொல்லில் கிடந்தவருக்கு இது என்ன சாதாரணமா?

காத்திருக்கும் அறையில் பார்த்தது இன்னும் நிறைய. தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையையே எடுத்துவிட்ட ஒருவர், கழுத்தில் சின்னக் கருவியை வைத்துப் பேசப் பழகிக்கொண்டிருந்தார். கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுந்த ஒரு ஆசிரியை. காதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகள். திக்கிப் பேசுகிற ஒரு காலேஜ் பையன். அவனைப் பார்த்ததும் என் சத்துணவு மையத்தில் வரிசையில் நின்று, "முட்டை" என்ற சொல் வராது என்பதற்காகவே முட்டை வாங்காமல் போகிற ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். நான் கூப்பிட்டுத் தட்டில் வைப்பேன். அவனுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று அந்த நாளில் யாருக்குத் தெரியும்?

இனி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவுக்கு மாதா மாதம் அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார். இவருக்குக் கால் பயிற்சி கொடுக்கப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். மனசாரச் சொல்கிறேன், நல்ல திட்டம். காலுக்கு வீடு தேடி ஆள் வரும்போது பேச்சுக்கும் ஒருவர் வந்தால் என்ன? ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவரைப் போட முடியாது என்றால் மாவட்டத்துக்கு இரண்டு பேரைப் போட்டு, வருகிற அந்தப் பெண்ணின் போனிலேயே வீடியோவில் பயிற்சி தரலாம். எங்களுக்குப் பாதிப் பயிற்சி அப்படித்தான் நடந்தது.

குழந்தைகளுக்காக மாவட்டங்களில் தொடங்கிய ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடம் உண்டு. பதினெட்டு வயது வரைதான். பிள்ளைகளின் நேரத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை, அங்கேயே வேலைப்பளு அதிகம் என்று தெரியும். கூடுதலாக ஒரு ஆளைப் போட்டு வாரத்தில் ஒரு நாள் பெரியவர்களையும் பார்த்தால், மதுரைக்கு அலைய முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிற எத்தனையோ பேர் வருவார்கள். இதற்கு நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். மைசூரில் 1965இலிருந்து இதற்கென்றே மத்திய அரசின் நிறுவனம் நடக்கிறது, சென்னையிலும் படிப்பு இருக்கிறது. படித்தவர்களுக்கு நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை இருந்தால்தானே இந்தப் பக்கம் வருவார்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான், பேச்சுக்குத் தனி இடம் இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் தனியாக இருக்கிறது, அஃபேசியா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் போன முகாமில் கையையும் காலையும் அளந்தார்கள், பேச்சை யாரும் பார்க்கவில்லை. சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். "அதெல்லாம் காது கேக்காதவங்களுக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்காக உயிரோடு இருக்கிறார் என்று காட்டப் போன இடத்தில், நேரில் நிற்கிற ஆளைப் பார்த்து, "அவரே பேரைச் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது" என்று அடம்பிடித்தார் ஒரு அதிகாரி. அவசரப்படுத்தினால் சொல் அடியோடு ஓடிவிடும். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு வேறு. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து தாண்டி, இருபது தாண்டி, தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார், கூடவே கண்டக்டர் பேட்ஜ் நம்பரையும் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அன்றைக்கு எப்படியும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவீர்கள். டாக்டர் எழுதட்டும், பிசியோதெரபிஸ்ட் எழுதட்டும், கூடவே ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டையும் எழுதச் சொல்லுங்கள். எந்தெந்த மாவட்டத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் இவர்கள் இருக்கிறார்கள், என்றைக்கு வருவார்கள், எந்த அறை என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். காலியாக இருக்கிற இடத்தைக் காலி என்றே போடுங்கள், அதுவும் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வத்தலக்குண்டு.
(பெயர் வெளியிட வேண்டாம். கடிதத்தை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ஆட்டோ விஷயத்தை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை.)